ஏஆர்-15க்குப் பெரிய விட்டத் தோட்டா: .450 புஷ்மாஸ்டரா, .458 சோகாமா, .50 பியோவுல்ஃபா?

#1 தென்மிச்சிகன்
முழுமையான ஏஆர்-15 (செமி ஆட்டோ ரைஃபிள்) லோயர் (ட்ரிக்கரும் மேகசின் குழியும் உள்ள கீழ்ப்பாதி) இருக்கிறது, இப்போது 5.56 அப்பர் (குழலும் போல்ட்டும் உள்ள மேல்பாதி) பூட்டியிருக்கிறது. வெள்ளைவால் மானுக்குத் தனியாக ஒரு பெரிய விட்ட அப்பர் வாங்க வேண்டும். இடம் மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்தின் தென்பகுதி. மக்காச்சோள வயல் ஓரம், தூரம் 60 முதல் 150 கெஜம். 200க்கு மேல் சுடும் எண்ணம் இல்லை. டெக்சஸில் காட்டுப்பன்றிக்கும் அதே அப்பர் உதவினால் நல்லது.

.450 புஷ்மாஸ்டர், .458 சோகாம், .50 பியோவுல்ஃப் மூன்றில் எது? "மூன்றும் நல்லதே" என்ற பதில் வேண்டாம், ப்ளீஸ்.

#2 குழல்விட்டம்
சக்தியிலிருந்து தொடங்காதீர்கள், சட்டத்திலிருந்து தொடங்குங்கள். தென் மிச்சிகனின் கட்டுப்படுத்தப்பட்ட துப்பாக்கி மண்டலத்துக்காக 2014இல் வந்த விதி இது: கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) தோளோ ஒடுங்கிய கழுத்தோ இல்லாமல் நேர்ச்சுவராக இருக்க வேண்டும், விட்டம் .35 அல்லது அதற்கு மேல், கேஸ் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1.80 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். .450இன் கேஸ் 1.700 அங்குலம், நேர்ச்சுவர். தாராளமாக உள்ளே வருகிறது. .458 சோகாம் நீளத்தில் தேறும், ஆனால் அதற்குத் தோள் உண்டு. கழுத்து கொஞ்சம்தான் ஒடுங்குகிறது என்றாலும் நேர்ச்சுவர் அல்ல. அந்த விதி பொருந்தும் இடத்தில் அது வெளியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிச்சிகனில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை வேட்டைக்குக் கொண்டுபோனால் குழலிலும் மேகசினிலும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. ஐந்து தோட்டா மேகசின் வாங்கினால் பிரச்சினை இல்லை. பக்கத்து ஓஹையோவில் மானுக்கு மொத்தமே மூன்று. எல்லை தாண்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். வேட்டை விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன, மண்டல எல்லைகளும் மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் மாநிலக் கையேட்டைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

#3 பழைய_தோட்டா
சட்டம் சரி. ஆனா இவர் டெக்சஸும் கேட்டிருக்காரே. அங்கே பன்றிக்கு நேர்ச்சுவர் கணக்கெல்லாம் கிடையாது. ஏஆர்-15க்குன்னு யோசிச்சு வரைஞ்ச பெரிய விட்டத் தோட்டாவில ஒழுங்கான வடிவமைப்பு சோகாம்தான்னு நான் சொல்லுவேன்.

காரணம் ரெண்டு. முதலாவது, ஹெட்ஸ்பேஸ் (குழலின் பின்னறையான சேம்பர்ல தோட்டா முட்டி நிக்கிற அளவு) தோளில் நிக்குது, கேஸ் வாயில் இல்ல. குண்டை எப்படி வேணும்னாலும் கிரிம்ப் பண்ணலாம் (கேஸ் வாயை இறுக்கிக் குண்டைப் பிடிக்க வைக்கிறது). ரெண்டாவது, சாதாரண 5.56 மேகசின்ல எந்த மாத்தமும் இல்லாம உட்காரும். 30 தோட்டா மேகசின்ல ஒற்றை வரிசையா 10, 20 தோட்டா மேகசின்ல 7. தனி மேகசின் தேடி அலைய வேண்டாம்.

துப்பாக்கி எழுத்தாளர் ஜெஃப் கூப்பர் "தம்பர்"னு ஒரு யோசனை சொன்னார் இல்லையா: .44க்குக் குறையாத விட்டம், செமி ஆட்டோ, 250 கெஜத்தில் பெரிய விலங்கை ஒரே அடியில் சாய்க்கணும். அந்த யோசனையை நேரா பிடிச்சு வந்தது .450 (டிம் லெஜெண்டரின் .45 ப்ரொஃபஷனல், அப்புறம் 2007இல் புஷ்மாஸ்டரும் ஹார்னடியும் சேர்ந்து வெளியிட்டாங்க). சோகாமின் கதை வேற. 1993 மொகதிஷு (சோமாலியா) சண்டைக்குப் பிறகு சிறப்புப் படை வட்டாரத்தில எழுந்த பேச்சிலிருந்து வந்தது அது. ஆனா ரெண்டும் போய் நின்ன இடம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

#4 மறுநிரப்பி
கதைக்கு முன் போல்ட்டை (தோட்டாவின் பின்னால் சேம்பரைப் பூட்டும் பாகம்) பார்க்க வேண்டும். இந்த மூன்று தோட்டாக்களும் ஏன் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன என்பது அங்கேதான் விளங்கும்.

5.56இன் ரிம் (கேஸ் அடியின் விளிம்பு) .378 அங்குலம். .450, .458 இரண்டுக்கும் .473, அதாவது .308இன் ரிம் அளவு. பியோவுல்ஃபுக்கு .445. போல்ட்டின் தலை பெரிதாவதில்லை, அதற்குள் குழியை மட்டும் அகலமாகக் கடைகிறார்கள். குழி அகல அகல விளிம்பு மெலிகிறது, எக்ஸ்ட்ராக்டரும் (கேஸை இழுத்தெடுக்கும் கொக்கி) மெலிகிறது.

அந்த மெலிந்த போல்ட்டின் மேல் எவ்வளவு தள்ளுவிசை விழுகிறது என்று தோராயக் கணக்கு. கேஸின் அடிப்புற வெளிவிட்டத்தின் பரப்பை உச்ச அழுத்தத்தால் பெருக்கினால்:

.223 — 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), சுமார் 6,100 பவுண்டு.
.450 — 38,500 பிஎஸ்ஐ, சுமார் 7,560.
.458 — 35,000 பிஎஸ்ஐ, சுமார் 8,050.
.50 பியோவுல்ஃப் — 33,000 பிஎஸ்ஐ, சுமார் 7,400.

கேஸ் சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்வதால் உண்மை விசை இதைவிடக் குறைவு. ஒப்பிட மட்டுமே இந்த எண்கள். அழுத்தம் குறைந்திருந்தும் மூன்றுமே .223ஐவிட அதிகமாகப் போல்ட்டைத் தள்ளுகின்றன. "38,500தானே, 55,000 வரை ஏற்றலாம், ஏஆர் தாங்கும்" என்று ரீலோட் செய்கிறவர்கள் (தாமே மருந்தும் குண்டும் நிரப்புகிறவர்கள்) போல்ட் லக்கை (பூட்டும் பல்லை) உடைக்கும் வழி அதுதான். .450ஐ 55,000க்கு ஏற்றினால் தள்ளுவிசை 10,800 ஆகிவிடும். அது .308க்கான ஏஆர்-10 போல்ட்டின் வேலை.

சோகாம் பற்றிப் பழைய_தோட்டா சொன்ன கிரிம்ப் விஷயம் சரி. மேகசின் விஷயமும் சரி.

#5 தென்மிச்சிகன்
போல்ட் கணக்கு புரிந்தது. சக்தி எண்களையும் யாராவது போட்டால் நல்லது. .350 லெஜெண்ட், .400 லெஜெண்ட் என்றும் கடையில் சொல்கிறார்கள். அவையும் நேர்ச்சுவர்தானே?

#6 குழல்விட்டம்
எண்களைப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

.450: 250 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) எஃப்டிஎக்ஸ் (ஹார்னடியின் மென்நுனிக் குண்டு), 2200 அடி/விநாடி, வாய்முனையில் சுமார் 2690 அடி-பவுண்டு.
.458: 300 கிரெய்ன், 1900 அடி/விநாடி, சுமார் 2400.
.50: 335 கிரெய்ன், 1800ஐ ஒட்டி, இதுவும் சுமார் 2400.

மானுக்கோ பன்றிக்கோ இந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை. வேறுபாடு தூரத்தில்தான் வருகிறது. .450இன் 250 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் சுமார் 1860 அடி-பவுண்டு வைத்திருக்கும், 200இல் 1260ஐ ஒட்டி. 100 கெஜத்தில் சீரோ வைத்தால் (ஸ்கோப்பை அந்தத் தூரத்துக்குச் சரிசெய்தால்) 200இல் எட்டு, ஒன்பது அங்குலம் இறங்கும். ஏஆரில் ஸ்கோப் குழலுக்கு மேல் இரண்டரை அங்குலம் உயரத்தில் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சோகாமின் 300 கிரெய்ன் அதே சீரோவில் 200இல் கிட்டத்தட்ட ஓர் அடி இறங்கும். பியோவுல்ஃபின் மழுங்கிய குண்டு அதற்கும் கீழே. உங்கள் 150 கெஜ எல்லைக்குள் மூன்றுமே போதும். 200 என்று நீங்களே எழுதியிருப்பதால் .450 அங்கே ஒரு படி முன்னால்.

.350 லெஜெண்ட் 2019இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. 180 கிரெய்ன், 2100 அடி/விநாடி, சுமார் 1760 அடி-பவுண்டு. ரிம் .378 என்பதால் 5.56 அளவுப் போல்ட்டே போதும். 200 கெஜத்தில் 900 அடி-பவுண்டை ஒட்டி வந்துவிடும். மானுக்கு 150 வரை தாராளம். 2023இல் வந்த .400 லெஜெண்ட் நடுவில் நிற்கிறது: 215 கிரெய்ன், 2250 அடி/விநாடி, சுமார் 2400. அதற்கு 6.8 எஸ்பிசி என்ற இன்னொரு ஏஆர் தோட்டாவின் .422 போல்ட் வேண்டும். என் கருத்தில் புதிதாக ஏஆர் அப்பர் வாங்குகிறவருக்கு .400 நியாயமான தேர்வு. ஆனால் நவம்பர் முதல் வாரத்தில் சின்ன ஊர்க் கடை அலமாரியில் எது இருக்கும் என்று கேட்டால் .450, .350 இரண்டும்தான். ஹார்னடி, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர் நான்குமே .450 தோட்டா தயாரிக்கின்றன.

#7 பழைய_தோட்டா
உதையை ஏன் யாரும் சொல்லலை? 8 பவுண்டு ரைஃபிளில் .450க்கும் .458க்கும் சுமார் 20 அடி-பவுண்டு உதை வரும். .30-06 உதைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. .350 லெஜெண்டுக்கு 9ஐ ஒட்டி. 5.56க்கு 3, 4தான். 5.56இல் பழகின தோள் முதல் நாள் .450 பிடிச்சா, மூணாவது தோட்டாவுக்கே ட்ரிக்கரைச் சுண்ட ஆரம்பிச்சிடும். வீட்டில சின்னவங்க யாராவது இதே ரைஃபிளைப் பிடிக்கப் போறாங்கன்னா .350ஐத் தூக்கிப் போடாதீங்க.

பியோவுல்ஃபுக்கும் ரெண்டு வார்த்தை. பில் அலெக்சாண்டரோட கம்பெனி 2001இல் கொண்டுவந்தது. பெயர் அவங்க வணிகச் சின்னம், அதனால மத்தவங்க அதையே 12.7×42ன்னு விப்பாங்க. அப்பரில் வெளியேற்று வாயை அகலப்படுத்தியிருப்பாங்க. கிட்ட தூரத்துக்கு, அடர்ந்த புதருக்கு, பன்றிக்கு அருமை. தோட்டா மட்டும் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கணும், ஓட்டல் பக்கத்துக் கடையில கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. ".50ன்னா சட்டச் சிக்கலா"ன்னு அடிக்கடி கேக்கறாங்க. கூட்டாட்சிச் சட்டத்தில் அரை அங்குலத்தைத் தாண்டினாத்தான் சிக்கல், இது சரியா .500. மாநிலச் சட்டம் தனி, அதைத் தனியா பாருங்க.

#8 மறுநிரப்பி
ரீலோட் செய்யும் எண்ணம் இருந்தால் தேர்வு வேறு விதமாக அமையும். கடைத் தோட்டாவே போதும் என்றால் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லலாம்.

.450இன் குண்டு .452 அங்குலம், அதாவது .45 கோல்ட், .454 கசூல், .460 எஸ்&டபிள்யூ ரிவால்வர் குண்டுகளின் விட்டம். தேர்வு நிறைய இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். .45 கோல்ட்டின் வேகத்துக்காக வார்த்த மெல்லிய ஜாக்கெட் குண்டை 2200இல் விட்டால் தோல் தாண்டியதும் சிதறிவிடும், உள்ளே போகாது. முன்தோளில் பட்டால் காயம்பட்ட மானைத் தேடி அலைய வேண்டியதுதான். .460க்கென்று அல்லது .450க்கென்று செய்த குண்டையே எடுங்கள்.

சோகாமின் குண்டு .458 அங்குலம், .45-70 குடும்பம். ரைஃபிள் குண்டுகள், 250 முதல் 600 கிரெய்ன் வரை. பார்ன்ஸின் 300 கிரெய்ன் டிடிஎஸ்எக்ஸ் குண்டு சோகாமுக்காகவே, ஏஆர் மேகசின் நீளத்துக்குள் அடங்கும்படி வடிவமைத்தது. 500, 600 கிரெய்ன் சப்சோனிக் (ஒலிவேகத்துக்குக் கீழ்) விட வேண்டுமென்றால் 1:14 ட்விஸ்ட் (14 அங்குலத்துக்கு ஒரு சுற்று) குழல். .450இன் வழக்கமான ட்விஸ்ட் 1:24. அதிலும் ஹார்னடியின் 395 கிரெய்ன் சப்சோனிக் உண்டு, 1050 அடி/விநாடி. ஆனால் 250 கிரெய்னுக்கு அளவெடுத்த வாயுத் துளையில் (குழலிலிருந்து வெடிவாயுவை எடுத்துப் போல்ட்டை இயக்கும் துளை) அது போல்ட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளுமா என்பது அப்பரைப் பொறுத்தது.

.450, .50, இரண்டு லெஜெண்டுகள் எல்லாமே கேஸ் வாயில் ஹெட்ஸ்பேஸ் பிடிப்பவை. ஆகவே ரோல் கிரிம்ப் கூடாது, லேசான டேப்பர் கிரிம்ப் மட்டும். வாயை உருட்டிவிட்டால் சேம்பரின் படியில் நிற்க விளிம்பு இருக்காது, தோட்டா உள்ளே அமிழும். ஃபயரிங் பின்னின் அடி பலவீனமாக விழும், சில நேரம் வெடிக்காது. கேஸ் நீளம் ஒன்றுக்கொன்று மாறினாலும் இதே கோளாறு. எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள், .450 என்றால் 1.700ஐத் தாண்ட வேண்டாம்.

பிரைமர் (ஃபயரிங் பின் அடித்ததும் தீப்பற்றும் சிறு மூடி): .450க்கு சிறு ரைஃபிள் பிரைமர். .458க்கும் .50க்கும் பெரிய பிஸ்டல் பிரைமர். ரைஃபிள்தானே என்று பெரிய ரைஃபிள் பிரைமரை அழுத்தாதீர்கள். அது உயரம் அதிகம், கேஸ் அடிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். ஏஆரின் ஃபயரிங் பின் ஸ்பிரிங் இல்லாமல் மிதப்பது. போல்ட் அறைந்து மூடும்போதே வெடிக்க இடமுண்டு.

பவுடர் எடை இங்கே எழுத மாட்டேன். குண்டுத் தயாரிப்பாளரின் கையேடு, கீழ் அளவிலிருந்து தொடக்கம்.

#9 ஓஹையோ_வடக்கு
.450 ஓடாம நிக்கிறதில் பெரும்பாலானது மேகசின் கோளாறு. .450 சாதாரண 5.56 மேகசின்ல உட்காரும்னு சிலர் சொல்வாங்க. உட்காரும், ஆனா ரெட்டை வரிசை ஃபாலோயர் (மேகசினுக்குள்ள தோட்டாவை மேலே தள்ளுற தட்டு) தோட்டாவை ஒரு பக்கமா சாய்ச்சுத் தள்ளும், குண்டு நுனி ராம்ப்பில் (சேம்பருக்குள்ள ஏத்திவிடுற சரிவு) முட்டி நிக்கும். ஒற்றை வரிசை ஃபாலோயர் போட்ட .450 மேகசினையே வாங்குங்க, ரெண்டு மூணு. வாங்கினதும் அடையாளம் வையுங்க. பழுது வந்தா அது ரைஃபிளா மேகசினான்னு அப்பதான் தெரியும்.

அடுத்தது வெளியேறும் கேஸ் எங்கே விழுதுன்னு பாருங்க. பலமில்லாம பின்பக்கமா விழுது, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால நிக்கலைன்னா வெடிவாயு பத்தலை. முன்பக்கமா பறக்குது, ரிம்ல எக்ஸ்ட்ராக்டர் கடிச்ச தழும்பு இருக்குன்னா வெடிவாயு கூடுதல். கூடுதலுக்கு பஃபரை (போல்ட்டுக்குப் பின்னால இருக்கிற எடைக்கட்டை) ஒரு படி கனமாக்கினாலே அடங்கும்: சாதாரணக் கார்பைன் பஃபர் 3 அவுன்ஸ், ஹெச்2 அதைவிட ஒன்றரை அவுன்ஸுக்கு மேல கனம், ஹெச்3 இன்னும் கனம். ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. பஃபர், ஸ்பிரிங், தோட்டா மூணையும் ஒரே நாளில் மாத்திட்டு "எது சரி பண்ணிச்சு"ன்னு இங்கே வந்து கேக்காதீங்க.

சுத்தம் செய்யறதில .450க்கு ஒரு தனி இடம் இருக்கு. சேம்பர் முடியற படியில் கரியும் ஈயமும் சேரும். கேஸ் வாய் அதுமேல முட்டினா போல்ட் கடைசி நூலளவு மூடாது. 5.56 சேம்பர் பிரஷ் அங்கே தொடவே தொடாது, .45 பிரஷ் வேணும்.

#10 தென்மிச்சிகன்
அப்போ .450 என்று முடிவு செய்கிறேன். ஒரு சந்தேகம். .308 ரைஃபிளிலிருந்து கழற்றிய மஸில் பிரேக் (குழல் நுனியில் பூட்டும் உதை குறைப்பான்) ஒன்று இருக்கிறது, 5/8-24 மரை (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி). பார்த்து வைத்த .450 அப்பரின் குழலும் 5/8-24 என்று எழுதியிருக்கிறது. அதையே பூட்டலாமா?

#11 குழல்விட்டம்
வேண்டவே வேண்டாம்!

மரை ஒன்று என்பதால் பூட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்தே. .30 பிரேக்கின் துளை .3 சொச்சம் அங்குலம்தான், வெளியே வருகிற குண்டு .452. முதல் தோட்டாவிலேயே பிரேக் பிய்த்துக்கொண்டு போகும், குழல் நுனியும் போகலாம், பக்கத்தில் நிற்பவருக்குக் காயம். .450 என்று பொறித்த பிரேக்கை மட்டும் வாங்குங்கள். வீட்டில் இரண்டு ரைஃபிளும் இருந்தால் இரண்டு பிரேக்கையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

5/8 மரையில் .452 துளை போனால் சுவர் மிக மெல்லிசு, சுற்றிலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உலோகம் மிஞ்சும். அதனால்தான் ரூகர் தன் .450 போல்ட் ஆக்ஷனில் 11/16-24 வைத்தது. சோகாமில் பெரும்பாலும் 5/8-32, பியோவுல்ஃபில் 49/64-20. கிடைத்தால் 11/16 மரை உள்ள அப்பரை எடுங்கள். .30 பிரேக் அதில் ஏறவே ஏறாது.

#12 பழைய_தோட்டா
நான் இன்னும் சோகாம் கட்சிதான், டெக்சஸ்காரங்க யாராவது இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும். ஆனா மிச்சிகன் முகவரி வச்சிருக்கறவருக்கு .450ன்னுதான் நானும் சொல்லுவேன். பிரேக் போட்டா உதை குறையும், சத்தம் ரெண்டு பங்கா காதில் வந்து அடிக்கும். மறைவிடத்துக்குள்ள உக்கார்ந்து சுடறதா இருந்தா பிரேக்கைக் கழட்டிட்டு மரையை மூடி போட்டு வையுங்க. காதுக்கு அடைப்பான் எப்படியும் வேணும்.

#13 மறுநிரப்பி
வாங்கும்போது கேட்க வேண்டியவை: போல்ட் அதே குழலோடு ஹெட்ஸ்பேஸ் பார்த்துச் சேர்த்து வருகிறதா (குழல் ஓரிடம், போல்ட் வேறோரிடம் வாங்க வேண்டாம்), குழல் 16 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, ராம்ப் எம்4 வகையா. 2200 என்ற வேகம் 20 அங்குலக் குழலுக்கானது. 16இல் அதைவிடக் குறையும், எனவே பெட்டியில் அச்சிட்ட இறக்க அட்டவணையை நம்பாமல் 50, 100, 150, 200 நான்கிலும் சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும்.

#14 தென்மிச்சிகன்
16 அங்குலத்துக்கும் 20க்கும் விலை வித்தியாசம் அதிகமில்லை. மறைவிடத்தில் 20 இடிக்குமா?

#15 ஓஹையோ_வடக்கு
பெட்டி மாதிரி மூடின மறைவிடம்னா இடிக்கும், ஜன்னல் விளிம்பில் தட்டிச் சத்தம் போட்டா மான் நிக்காது. மர மேடைன்னா 20 பரவாயில்லை. உங்க தூரத்துக்கு 16 எடுங்க, மிச்சப் பணத்துக்கு ஐந்து தோட்டா மேகசின் ஒண்ணு கூட வாங்குங்க. சீரோ வைக்கிறதுக்கும் வேட்டைக்கும் ஒரே லாட் எண் தோட்டாவா பாத்து நாலு பெட்டி எடுத்து வச்சிடுங்க.

#16 தென்மிச்சிகன்
16 அங்குலம், 11/16 மரை, மேகசின் மூன்று. கடைக்காரரிடம் போல்ட் பற்றியும் கேட்டுவிட்டேன், குழலோடு சேர்த்து கேஜ் பார்த்துத்தான் தருகிறார்களாம். நன்றி.